கிளட்ச், கியர்பாக்ஸ் தொல்லை: என்ன கோளாறு, எந்தப் பட்டறை?

கிளட்ச் வேலையில் மெக்கானிக்குக்கு ஒரு வசதி உண்டு. கியர்பாக்ஸை இறக்கினால்தான் உள்ளே என்ன ஆயிற்று என்று தெரியும். இறக்கும் நேரத்தில் நாம் அங்கே இருக்க மாட்டோம், மறுநாள் சாயங்காலம் போனால் வண்டியை மாட்டி முடித்து வாசலில் நிறுத்தியிருப்பார்கள். நடுவில் என்ன நடந்தது என்பது அவருக்கும் பட்டறைப் பையனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

சில வருஷங்களுக்கு முன் என் பழைய பெட்ரோல் கார் ஏற்காடு ஏறும்போது இழுக்கவில்லை. ஒரு பட்டறையில் விட்டேன். வண்டியை ஓட்டிக்கூடப் பார்க்காமல் "கிளட்ச் போயிடுச்சு சார், செட்டா மாத்திடலாம்" என்றார்கள், மாற்றினார்கள், 9,500 ரூபாய். செட் என்றால் தேய்கிற கிளட்ச் பிளேட், அதை இன்ஜினோடு சுழலும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்தோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட், பெடலை மிதித்தால் அந்தப் பிடியை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் மூன்றும் சேர்ந்தது. இரண்டே மாதத்தில் அதே தொல்லை. இந்தத் தடவை சேலம் கோரிமேடு பக்கம் இருக்கும் வேறொரு பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த அண்ணன் பானட்டைத் திறந்து, கியர்பாக்ஸ் மேல் இருக்கும் கிளட்ச் லீவரை இரண்டு விரலால் ஆட்டிப் பார்த்தார், அது ஆடவே இல்லை. கேபிள் முனையில் இருக்கும் நட்டை ஏழெட்டுச் சுற்று தளர்த்தினார், அவ்வளவுதான். 200 ரூபாய் வாங்கிக்கொண்டார். கேபிள் இறுக்கமாகக் கிடந்ததால் கால் வைக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலையில் ஓடியிருக்கிறது. பழைய பிளேட்டைத் தின்றது அதுதான், புதுப் பிளேட்டையும் பாதி தின்றுவிட்டிருந்தது.

அன்றிலிருந்து சொந்தக்காரர், நண்பர் யார் வண்டியில் கிளட்ச் தொல்லை என்றாலும் கூடப் போய் நிற்கிறேன். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன், ஒவ்வொன்றிலும் செலவு குறைந்த காரணம் முதலில். இந்த வரிசையை வண்டிக்காக மட்டும் படிக்காதீர்கள், பட்டறையை அளக்கவும் இதுதான் கோல். மெக்கானிக்கும் இதே வரிசையில் மலிவான காரணத்திலிருந்து தேடுகிறாரா, இல்லை நேராகக் கடைசிப் படிக்குத் தாவுகிறாரா என்று கவனியுங்கள்.

## இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி வேகம் எடுக்கவில்லை

கிளட்ச் ஸ்லிப், அதாவது பிளேட் பிடிக்காமல் வழுக்குகிறது. மேட்டில்தான் முதலில் தெரியும், அல்லது பைபாஸில் நாலாவது கியரில் 50 வேகத்தில் போகும்போது ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் ஆர்பிஎம் முள் மட்டும் துள்ளி, வேகம் மெதுவாகப் பின்னால் வரும். இன்னொரு சோதனையும் உண்டு. ஆள் நடமாட்டம் இல்லாத சமதளத்தில் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்துக் கிளட்சை மெல்ல விடுங்கள். இன்ஜின் உடனே ஆஃப் ஆக வேண்டும். ஆகாமல் ஓடிக்கொண்டே இருந்தால் ஸ்லிப் நிச்சயம். ஒரு தடவை செய்தால் போதும், நாலு தடவை செய்தால் மிச்சமிருக்கும் பிளேட்டையும் நீங்களே எரித்துவிடுவீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது உங்கள் இடது கால். சிக்னலிலும் மேட்டிலும் பாதிக் கிளட்சில் வண்டியை நிறுத்திவைக்கும் பழக்கம், ஓடும்போது பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் இரண்டும் பிளேட்டுக்கு எமன். என் மாமா ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிய பிறகுதான் முதல் செட்டை மாற்றினார். அதே மாடல் வண்டியை அவர் மகன் 35,000-இல் முடித்துவிட்டான். இதைச் சொன்னால் அவன் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்தது பெடலின் ஃப்ரீ பிளே. கேபிள் வைத்த வண்டியில் பெடலைக் கையால் அழுத்தினால் முதல் கொஞ்ச தூரம் லேசாகப் போய் அப்புறம்தான் கனம் தட்ட வேண்டும், பல சின்ன கார்களில் இது ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். உங்கள் வண்டிக்குச் சரியான அளவு கூடவந்த புத்தகத்தில் இருக்கும். லேசான பகுதியே இல்லை என்றால் கேபிளை அட்ஜஸ்ட் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் பிரஷரில் வேலை செய்யும் ஹைட்ராலிக் கிளட்ச் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும், அதில் திருக எதுவும் இல்லை.

அதற்கும் அடங்கவில்லையா, இனி உள்வேலைதான். பிளேட் தேய்ந்திருக்கும், அல்லது பிரஷர் பிளேட்டின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், அல்லது பிளேட்டில் ஆயில் பட்டிருக்கும். இந்த மூன்றாவதை விட்டுவிட்டுப் புதுப் பிளேட் போடுகிற பட்டறைகள் நிறைய. இன்ஜின் பக்கத்துச் சீல் கசிந்தால் கறுத்த இன்ஜின் ஆயில் இருக்கும். கியர்பாக்ஸ் பக்கத்துச் சீல் என்றால் கியர் ஆயிலின் காட்டமான கந்தக வாடை, ஒரு தடவை மோந்து பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். சில நூறு ரூபாய்ச் சீலை மாற்றாமல் பல ஆயிரம் ரூபாய்ச் செட்டை மாட்டினால் கொஞ்ச மாதத்தில் திரும்ப இறக்க வேண்டியதுதான்.

பட்டறையில் கேட்க வேண்டியது: "டிரையல் பார்த்துட்டுச் சொல்லுங்கண்ணே." இவ்வளவுதான். சாவியை வாங்கி ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறவர் பாதிப் பரீட்சை பாஸ். போனிலேயே "செட் மாத்தணும்" என்று சொல்லி ரேட்டும் சொல்கிறவரிடம் நான் வண்டியைக் கொண்டுபோவதே இல்லை.

எப்போது நிறுத்த வேண்டும்: கருகிய வாடை தொடர்ந்து வந்தால், மேட்டில் முதல் கியரிலும் ஏறவில்லை என்றால் ஓரங்கட்டி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். இழுத்து ஓட்டினால் ஃப்ளைவீல் சூடேறி நீலம் பாரித்துவிடும், அப்புறம் அதைக் கடைந்து சமமாக்கும் லேத் செலவோ புது ஃப்ளைவீல் செலவோ கூடச் சேரும்.

## ரிவர்ஸ் போட்டால் கர்ர்ர், முதல் கியர் விழவே மாட்டேன் என்கிறது

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ஆஃப் நிலையில் வெண்ணெய் மாதிரி விழுந்து, ஸ்டார்ட் செய்ததும் மட்டும் முரண்டு பிடித்தால் கியர்பாக்ஸ் மேல் பழி போடாதீர்கள், கிளட்ச் முழுசாக விடுபடவில்லை. உறுதிசெய்ய, ஐடிலில் கிளட்சை முழுக்க மிதித்து அஞ்சு விநாடி காத்திருந்து ரிவர்ஸ் போடுங்கள். பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்திச் சத்தமில்லாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. அதனால் கிளட்ச் சரியாக இருந்தாலும் அவசரப்பட்டுப் போட்டால் ஒரு கர்ர் வரும், அது நோய் இல்லை. அஞ்சு விநாடி கழித்தும் வந்தால்தான் நோய்.

காரணங்களில் முதலாவது சிரிப்பு வரவழைப்பது: ஃப்ளோர் மேட். பெடலுக்கு அடியில் மேட் சுருண்டு பெடல் கடைசிவரை போகாத வண்டி இரண்டைப் பார்த்திருக்கிறேன், ஒன்றில் கியர்பாக்ஸ் வேலைக்கே எஸ்டிமேட் போட்டிருந்தார்கள். அடுத்து, கேபிள் தளர்ந்திருப்பது. ஹைட்ராலிக் என்றால் ஆயில் குறைந்தோ உள்ளே காற்றுப் புகுந்தோ இருக்கும். பெடலை அடுத்தடுத்து நாலைந்து முறை அடித்து மிதித்தவுடன் கியர் சுலபமாக விழுந்தால் காற்றுதான், அல்லது சிலிண்டர் ரப்பர் போயிருக்கும். அதற்கும் பிறகுதான் ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ரிலீஸ் ஃபோர்க், பிரஷர் பிளேட், வளைந்த பிளேட் எல்லாம்.

ஆஃப் நிலையிலும் கியர் இறுக்கமா? அப்போது லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிள், அதன் முனைகளில் இருக்கும் பிளாஸ்டிக் புஷ், கியர் ஆயில் என்ற வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள். கார்த்திகை மார்கழிக் காலையில் மட்டும் முதல் அஞ்சு நிமிஷம் இறுக்கம் என்றால் பழைய ஆயில் கெட்டியாகக் கிடக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். சின்ன கார் கியர்பாக்ஸுக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர்தான் பிடிக்கும். வண்டிப் புத்தகம் கியர் ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று சொன்னால் ஜிஎல்-4தான் ஊற்ற வேண்டும். "ஜிஎல்-5 அதைவிட உசத்தி சார்" என்று ஒருவர் என்னிடம் சொன்னார். பித்தளை சிங்க்ரோ ரிங் இருக்கும் பாக்ஸுக்கு அதில் கலந்திருக்கும் சில சேர்க்கைகள் ஆகாது. ஆயில் டின்னைப் படிக்காத கடை கியர்பாக்ஸைத் திறக்க வேண்டாம்.

## பெடல் கல் மாதிரி இருக்கிறது, அல்லது அப்படியே கீழே போய்விட்டது

நாளுக்கு நாள் கனம் கூடிக்கொண்டே வந்தால், கேபிள் உள்ளே துருப்பிடித்து இழை இழையாகப் பிரிய ஆரம்பித்திருக்கும். அறுந்து நடுரோட்டில் நிற்கும்வரை காத்திருக்காதீர்கள், சில நூறு ரூபாய்ச் சாமான். புதுக் கேபிளுக்கும் கனம் குறையவில்லை என்றால் ரிலீஸ் ஃபோர்க் ஷாஃப்ட் கிரீஸ் இல்லாமல் இறுகியிருக்கலாம், இல்லாவிட்டால் பிரஷர் பிளேட்.

பெடல் திடீரென்று தரையோடு ஒட்டிக்கொண்டால் கேபிள் அறுந்திருக்கும், ஹைட்ராலிக் என்றால் ஆயில் வெளியே போயிருக்கும். பானட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவில் அளவைப் பாருங்கள், பிறகு டிரைவர் சீட்டுக்கு முன்னால் பெடல் ஏறும் இடத்தில் கார்ப்பெட்டைத் தடவிப் பாருங்கள். ஈரம் தட்டினால் மாஸ்டர் சிலிண்டர், கியர்பாக்ஸ் பக்கம் ஈரமென்றால் ஸ்லேவ் சிலிண்டர். சில வண்டிகளில் இந்த ஸ்லேவ் கியர்பாக்ஸுக்கு உள்ளேயே ரிலீஸ் பேரிங்கோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும், அதை மாற்ற பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும், அங்கே மெக்கானிக் ஏமாற்றவில்லை. அப்படி இறக்கும்போது பிளேட்டையும் பார்த்துவிடுவது புத்திசாலித்தனம்.

பல கார்களில் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே டப்பா. கிளட்ச் ஆயில்தானே என்று ஊற்றி ஊற்றி ஓட்ட வேண்டாம். இங்கே டோ வண்டிதான், பேச்சே இல்லை.

## சத்தம்

இதில்தான் அதிகம் ஏமாறுகிறோம், ஏனென்றால் கீழேயிருந்து வரும் எந்தச் சத்தத்தையும் "கியர்பாக்ஸ் சத்தம்" என்று சொல்லிவிட முடியும். வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஐடிலில் விட்டுக் கேளுங்கள்.

கிளட்சை மிதித்தால் சத்தம் வருகிறது, விட்டால் நிற்கிறது: ரிலீஸ் பேரிங். கிளட்சை விட்டிருக்கும்போது உறுமுகிறது, மிதித்தால் அடங்குகிறது: கியர்பாக்ஸின் உள் ஷாஃப்ட் பேரிங். முதலாவதுக்குப் பாக்ஸை இறக்கினால் போதும், இரண்டாவதுக்குப் பிரிக்கவும் வேண்டும். இரண்டுக்கும் செலவு வித்தியாசம் பெரிது, அதனால் இந்தச் சோதனையை மெக்கானிக் பக்கத்தில் இருக்கும்போதே நீங்கள் செய்து காட்டுங்கள். தெரிந்தவர் என்றால் தலையாட்டுவார், தெரியாதவர் என்றால் "அதெல்லாம் இறக்கினாத்தான் சார் தெரியும்" என்பார்.

நிற்கும்போது எதுவும் இல்லை, ஓடும்போது மட்டும் ஊஊ என்று வேகத்தோடு ஏறுகிறதா? கிளட்சை மிதித்து நியூட்ரலில் உருளவிட்டாலும் மாறவில்லையா? அப்போது வீல் பேரிங்கைச் சந்தேகப்படுங்கள். காலியான ரோட்டில் லேசாக இடது வலது வளைத்தால் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும். முழுக்கத் திருப்பி மெதுவாகப் போகும்போது டக் டக் டக் என்றால் ஆக்ஸில் ஜாயின்ட். ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சக்கரத்தின் உள்பக்கம் தெறித்திருக்கும், குனிந்து பார்த்தாலே தெரியும். வீல் பேரிங் சத்தத்துக்குக் கியர்பாக்ஸைப் பிரிக்கச் சொன்ன பட்டறையிலிருந்து என் தங்கை வீட்டுக்காரர் வண்டியைத் திரும்ப எடுத்துவந்த கதை எங்கள் வீட்டில் ஒவ்வொரு பொங்கலுக்கும் ஓடும்.

## கிளம்பும்போது வண்டி நடுங்குகிறது

கிளட்சை விடவிட வண்டி முழுக்க உதறும், பின்சீட்டில் இருப்பவர்கள் "ஓட்டத் தெரியலையா" என்பார்கள். முதலில் இன்ஜின் மவுண்டிங். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரேக்கையும் ஹேண்ட்பிரேக்கையும் பிடித்துக்கொண்டு முதல் கியரிலும் ரிவர்ஸிலும் கிளட்சைக் கொஞ்சமாக விட, நீங்கள் பக்கவாட்டில் நின்று (முன்னால் நிற்கவே கூடாது) இன்ஜின் எவ்வளவு எழும்பிக் குதிக்கிறது என்று பாருங்கள். மவுண்டிங் ரப்பர் கிழிந்திருந்தால் கண்ணுக்கே தெரியும். அது நன்றாக இருந்தால்தான் பிளேட்டில் ஆயில், ஃப்ளைவீலில் சூட்டுத் தழும்பு என்று உள்ளே போக வேண்டும். புது கிளட்ச் போட்ட முதல் சில நூறு கிலோமீட்டருக்கு லேசான நடுக்கம் இருந்து தானே போகலாம். போகவில்லை என்றால் ஃப்ளைவீலைத் துடைத்துக்கூடப் பார்க்காமல் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

டீசல் வண்டிக்காரர்கள் கவனிக்க: நிறைய டீசல்களில் இரட்டை அடுக்கு ஃப்ளைவீல், டூயல் மாஸ் என்பார்கள். அதைச் சாதாரண ஃப்ளைவீல் மாதிரி லேத்தில் கொடுத்து ஃபேஸ் போட்டுத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது போனால் மாற்றுவதுதான், விலையும் கண்ணைக் கட்டும். அதனாலேயே நல்லதைக்கூடப் "போச்சு" என்று சொல்லத் தோன்றும். எவ்வளவு ஆட்டம் இருக்கலாம், இதில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

## ஒரே ஒரு கியர் மட்டும் தொல்லை

இரண்டாவது மட்டும் கர்ர் என்கிறது, அல்லது அஞ்சாவது தானே வெளியே துள்ளுகிறது, மற்றதெல்லாம் ஒழுங்கு. இதற்குக் கிளட்ச் மாற்றச் சொல்கிறவரிடம் நமக்கு வேலை இல்லை. மவுண்டிங், லீவர் கேபிள் இரண்டும் சரியென்றால் சிங்க்ரோ ரிங், ஸ்லீவ், ஃபோர்க் என்று பாக்ஸுக்குள்தான் கோளாறு. ஆயிலை வடித்து, வடிக்கும் போல்ட்டின் காந்தத்தைப் பாருங்கள். மை மாதிரிக் கறுப்புக் களிம்பு சகஜம். நகம் வெட்டிப் போட்டது மாதிரி இரும்புத் துணுக்கு இருந்தால் பல் உடைகிறது, அன்றோடு ஓட்டத்தை நிறுத்திவிடுங்கள்.

நம் பக்கத்துப் பொதுப் பட்டறைகளில் முக்கால்வாசிப் பேர் கியர்பாக்ஸை இறக்குவார்கள், பிரிக்க மாட்டார்கள், அதற்கென்றே இருக்கும் ஆளிடம் அனுப்புவார்கள். இதில் தப்பில்லை, சொல்லிவிட்டு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். "யார்கிட்ட பிரிக்கக் கொடுப்பீங்க, நான் வந்து பார்க்கலாமா?" என்று கேளுங்கள். நேராக அந்த ஆளிடமே போய்ப் பேசினால் இன்னும் நல்லது.

பழைய கியர்பாக்ஸ் வாங்கிப் போடலாம் என்ற யோசனையும் வரும். சென்னையில் புதுப்பேட்டைக்குப் போனால் கிடைக்காதது இல்லை. ஆனால் ஒரே பெயர் கொண்ட மாடலிலேயே வருஷத்துக்கு வருஷம் பல் விகிதம் மாறியிருக்கும், பாக்ஸின் எண்ணைப் பொருத்திப் பார்க்க வேண்டும். மாட்டி ஓட்டிப் பார்த்துச் சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று பில்லில் எழுதித் தராத கடையில் வாங்க வேண்டாம். வாயால் சொன்ன கேரண்டி கடை வாசல்படி வரைதான்.

## ஏஎம்டி, ஆட்டோமேட்டிக் வண்டிகள்

இந்தியாவில் 2014-இல் மாருதி செலெரியோ வந்ததிலிருந்து ஏஎம்டி சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டது. "ஆட்டோமேட்டிக்தானே, கிளட்ச் ஏது" என்று இன்னும் நிறைய பேர் நினைக்கிறார்கள். உள்ளே இருப்பது அதே மேனுவல் கியர்பாக்ஸ், அதே கிளட்ச் பிளேட். மிதிக்கும் வேலையை நம் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர் செய்கிறது. மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியை நிறுத்திவைத்தால் பிளேட் எரியும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் லாரிக்குப் பின்னால் இப்படி ஊர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

கியர் மாறும்போது லேசாகத் தலையாட்டுவது இதன் இயல்பு, அதற்காக யாரிடமும் காசு கொடுக்காதீர்கள். கியரே எடுக்கவில்லை, திரையில் நியூட்ரலைக் காட்டும் ‘N’ எழுத்து மினுக்குகிறது என்றால் முதலில் பேட்டரி. கிழட்டுப் பேட்டரி ஏஎம்டியில் விதவிதமாக வேஷம் போடும். அடுத்து பிரேக் சுவிட்ச், ஏனென்றால் பிரேக் மிதித்த சிக்னல் போகாவிட்டால் வண்டி கியர் எடுக்காது. பின்னால் ஒருவரை நிறுத்தி பிரேக் லைட் எரிகிறதா என்று பார்த்தால் போதும். பிறகு ஹைட்ராலிக் ஆயில் அளவு, அப்புறம் கிளட்ச் தேய்மானம், எல்லாம் முடிந்த பிறகுதான் ஆக்சுவேட்டர்.

இங்கே பட்டறையைத் தேர்ந்தெடுக்க ஒரே கேள்வி: வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறதா, கிளட்ச் மாற்றிய பிறகு புது பிளேட்டின் பிடிக்கும் இடத்தை வண்டிக்குக் கற்றுக்கொடுக்கும் வேலையை அதில் செய்ய முடியுமா? செய்து காட்டியதில்லை என்றால், அவர் எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் இந்த வண்டிக்கு அவர் இல்லை. இதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டர்தான் ஒரே வழி என்றும் இல்லை. உதிரிபாகங்களையும் கண்டறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடவில்லை என்று 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு அபராதம் போட்டது. இன்று ஊருக்கு ஒன்றிரண்டு வெளிப் பட்டறைகளிலாவது நல்ல ஸ்கேனர் இருக்கிறது.

முழு ஆட்டோமேட்டிக், சிவிடி, இரட்டைக் கிளட்ச் என்றால் வீட்டில் நாம் பார்க்க முடிந்தது கொஞ்சம்தான்: எச்சரிக்கை விளக்கு, கீழே கசிவு, ஆயில் குச்சி இருக்கும் வண்டியில் ஆயிலின் நிறமும் கருகிய வாடையும். இரட்டைக் கிளட்ச் வண்டி நெரிசலில் சூடாகி எச்சரித்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். இவை ஒவ்வொன்றுக்கும் அதற்கென்றே ஆயில் உண்டு. சிவிடிக்கு மற்ற ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றினால் பாக்ஸே போகலாம். ஆக, என்ன ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேட்டதும் பெயரைச் சொல்லி டின்னைக் காட்டுகிறவரிடம் விடுங்கள். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்றால் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

## வண்டி சரி, பட்டறையில்தான் அறிகுறி

"பழைய சாமானைத் தூக்கிப் போட்டாச்சு சார்." வண்டியை விடும்போதே "பழைய பிளேட்டை எடுத்து வைங்கண்ணே, வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள், எஸ்டிமேட்டிலும் எழுதச் சொல்லுங்கள். கோரிமேட்டு அண்ணன் பழைய தினத்தாளை விரித்து செட்டின் மூன்று சாமானையும் வரிசையாக வைப்பார். பிளேட்டின் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ரிவெட் தலை பள்ளத்தில் நன்றாக இறங்கியிருந்தால் அதற்கு இன்னும் ஆயுசு இருந்தது, நகம் இடறாமல் வழுக்கிக்கொண்டு போனால் தேய்ந்து சமமாகிவிட்டது, மாற்றியது நியாயம். பிரஷர் பிளேட்டில் நீலத் திட்டுகள் இருக்கிறதா, நடுவில் விரல் விரலாக இருக்கும் ஸ்பிரிங் முனைகள் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

"பிளேட் மட்டும் போதும், மத்ததெல்லாம் நல்லாயிருக்கு." பணம் மிச்சம் பிடித்துத் தருகிற மாதிரி இருக்கும். லேபர்தான் இங்கே பெரிய செலவு. ஆறு மாதத்தில் பேரிங் கத்தினால் அதே லேபரை மறுபடி கொடுக்க வேண்டும். சின்ன பெட்ரோல் கார்களுக்கு நான் பார்த்த பில்களில் மூன்றும் சேர்ந்த செட் ஏறக்குறைய 4,000 முதல் 7,000 ரூபாய்க்குள், லேபர் 2,000 முதல் 4,000. இதைவிட ரொம்பக் குறைத்துச் சொன்னால் பழைய பிளேட்டில் புதுத் தோல் ரிவெட் அடித்ததைப் புதுசு என்று மாட்டுகிறார்களா என்று பாருங்கள். வேலியோ, லுக், எக்ஸெடி என்று பெயர் போட்ட டப்பாவாக இருந்தாலும் சீல் பிரிப்பதை நீங்கள் பார்க்க வேண்டும், டப்பாவில் இருக்கும் பார்ட் நம்பரும் பில்லில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"பில் வேண்டாம்னா ஆயிரம் ரூபாய் குறைச்சுக்கலாம்." அந்த ஆயிரத்துக்கு நீங்கள் விற்பது கேரண்டியை. பில் கையில் இருந்தால் பின்னால் தகராறு வரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடலாம், அதற்கும் அசையவில்லை என்றால் இரண்டு வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். பில் இல்லாவிட்டால் அங்கே போய் நம் பேச்சை நிரூபிப்பது பெரும்பாடு.

"சென்டரிங் ஷாஃப்ட்டா? கண்ணாலேயே வெச்சிருவோம்." மாட்டும்போது பிளேட்டைச் சரியாக நடுவில் நிறுத்த உதவும் தண்டு அது. முப்பது வருஷ அனுபவக்காரர் கண்ணாலும் சரியாக வைப்பார், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் மாட்டுகிறவர் அவரா, போன மாதம் சேர்ந்த பையனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தி அடியில் படுத்து வேலை பார்க்கும் இடம் என்றால் ரேட் எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள், தன் உயிரைப் பற்றியே கவலைப்படாதவர் உங்கள் போல்ட்டை எவ்வளவு இறுக்குவார்?

யாரிடம் விசாரிப்பது என்றால் டாக்சி ஸ்டாண்டில். ஆனால் "எங்கே நல்லா பார்ப்பாங்க" என்று கேட்காதீர்கள், ஆளுக்கொரு மச்சான் பட்டறையைச் சொல்வார்கள். "உங்க வண்டிக்குக் கடைசியா எங்க கிளட்ச் போட்டீங்க, அதுக்கப்புறம் எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்கு?" என்று கேளுங்கள். 60,000 ஓடியிருக்கிறது என்று ஒருவர் மீட்டரைக் காட்டினால் அந்த விலாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

## வேலை முடிந்து வந்த பிறகு

எடுக்கும்போதே மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு மேடு ஏறி இறங்குங்கள். எல்லாக் கியரும், ரிவர்ஸ் இரண்டு தடவை. பெடல் பழையதைவிட லேசாகவும், பிடிக்கும் இடம் மாறியும் இருக்கும், பழக இரண்டு நாள் ஆகும். முதல் 500 கிலோமீட்டருக்கு மலையேற்றம், வண்டி நிறையச் சுமை இரண்டையும் தவிருங்கள், அப்புறம் ஒரு தடவை கொண்டுபோய்ப் ஃப்ரீ பிளே பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பட்டறை இதற்குக் காசு கேட்காது.

ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுத்தால், சக்கரப் பக்கம் கழற்றியதைத் திரும்ப மாட்டும்போது ஏதோ மாறியிருக்கிறது, அலைன்மென்ட் பார்க்க வேண்டும். ஐடிலில் முன்பு இல்லாத அதிர்வு என்றால் ஒரு மவுண்டிங் போல்ட்டை மறந்திருப்பார்கள். பின்னால் போகும்போது விளக்கு எரியவில்லை என்றால் ரிவர்ஸ் சுவிட்ச் ஒயரைச் சொருகவில்லை, இது ரொம்ப சகஜம். ஆக்ஸிலைக் கழற்றி மாட்டும்போது அதன் ஆயில் சீலில் கீறல் விழுந்து கசிய ஆரம்பிப்பதும் நடக்கும். அது மட்டும் அன்றைக்கே தெரியாது. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி வண்டிக்கு அடியில் நாளிதழை விரித்து வையுங்கள். காலையில் துளி விழுந்திருந்தால் பேப்பரோடு ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு ஒன்பது மணிக்கே போய்விடுங்கள், பத்து மணி தாண்டினால் அவர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்.